நந்தனாரும் கிந்தனாரும்

புகழ்பெற்ற கதையொன்றைக் கேலியாக மாற்றிப் பாடுவது எளிது. அக்கேலியினாலேயே ஓர் உண்மையை உணர்த்துவது அரிது. 1949ஆம் ஆண்டில் வெளிவந்த 'நல்லதம்பி' திரைப்படத்தில் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் நிகழ்த்திய 'கிந்தனார்' கதாகாலட்சேபம் அவ்வரிய செயலைச் செய்தது. அப்படத்திற்கு வசனம் தீட்டியவர், காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அறிஞர் அண்ணா.

கிந்தனாருக்கு மூலம், கோபாலகிருஷ்ண பாரதியார் 19ஆம் நூற்றாண்டில் இயற்றிய 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'. நம் திருச்சபையைச் சேர்ந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் நண்பர் அவர். பண்ணையாள் நந்தன் தில்லைத் தரிசனத்திற்கு ஏங்குகிறான். ஆண்டையோ விடைகொடுக்க மறுக்கிறார். நாளை போவேன், நாளை போவேன் என்றே காத்திருந்ததால் 'திருநாளைப்போவார்' என்று பெயர் பெற்றான்.

கலைவாணரின் கிந்தனோ கல்விக்கு ஏங்குகிறான். பட்டணம் சென்று பயின்று, கல்வி அதிகாரியாகத் திரும்புகிறான். நந்தனின் பக்தியை இக்கேலி தீண்டவில்லை. பிறப்பைக் காட்டிக் கதவடைத்தவர்களையே நகையாடுகிறது.

அந்தக் காஞ்சியிலேயே, பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்காகப் பட்டுத்தறியில் அமர்த்தப்பட்டுப் பள்ளியை இழந்த சிறுவர் பிற்காலத்திலும் பலர் இருந்தனர். அவர்களும் கிந்தனின் உடன்பிறப்புகளே.

சிறுவரைத் தம்மிடம் வரவிடாது தடுத்தோரைக் கடிந்துகொண்ட ஆண்டவரின் மக்கள் நாம். நம் பங்கில் எப்பிள்ளையின் படிப்பேனும் வறுமையால் 'நாளைக்கு' என்று தள்ளிப்போகிறதா? அவ்வீட்டுக் கதவை நாம் இன்றே தட்டுவோமாக.