இயங்கும் தரவுத்தளத்தின் பிரதி: காப்பும் மீட்பும் பற்றிச் சில குறிப்புகள்

வங்கி, வைத்தியசாலை, பல்கலைக்கழகப் பதிவகம் முதலியவற்றின் அன்றாடக் கருமங்கள் இன்று தரவுத்தளங்களிலேயே நடைபெறுகின்றன. இவ்வாறு ஓயாது பயன்பாட்டிலிருக்கும் தரவுத்தளமொன்றைப் பிரதிசெய்தல், அச்சிட்ட நூலொன்றைப் பிரதிசெய்தல் போன்றதன்று. ஒருவர் படியெடுத்துக்கொண்டிருக்கையிலேயே வேறு பலர் அதே ஏட்டில் எழுதிக்கொண்டும் அழித்துக்கொண்டும் இருக்கின்றனர். ஒருவரின் கணக்கிலுள்ள 5,000 ரூபாவைப் படியெடுத்த மறுகணம் அப்பணம் இன்னொருவர் கணக்குக்கு மாற்றப்படுகின்றதெனக் கொள்வோம். பின்னர் இரண்டாமவர் கணக்கும் படியெடுக்கப்படின், பிரதியில் அதே பணம் ஈரிடத்தும் காணப்படும். ஆகவே, குறித்த ஒரு கணத்தில் தரவுத்தளம் முழுவதும் எவ்வாறிருந்ததோ அவ்வாறே பிரதி அமைதல் வேண்டும். போஸ்ற்கிறெஸ் போன்ற மென்பொருள்கள், பதிவொன்று மாற்றப்படும்போது அதன் பழைய வடிவத்தையும் சிறிதுநேரம் பேணுவதால், எவருடைய வேலையையும் நிறுத்தாமலே இது கைகூடுகின்றது.

எனினும், முறையை அறிந்திருத்தல் வேறு, பிரதி கையிலிருத்தல் வேறு. நிரலாளர் தம் மூலநிரல்களைச் சேமித்து வைக்கும் கிற்லாப் என்னும் சேவைக்கு 2017 ஜனவரி 31இல் நேர்ந்ததை, அந்நிறுவனமே வெளியிட்ட அறிக்கையால் நாம் விரிவாக அறிகின்றோம். அன்றிரவு, பழுதுற்ற துணைச் சேவையகத்தின் தரவுகளை அகற்ற முனைந்த பொறியியலாளர் ஒருவர், தவறுதலாக முதன்மைச் சேவையகத்தில் அக்கட்டளையை இட்டார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தியபோதும் ஏறத்தாழ 300 கிகாபைற் தரவு மறைந்துவிட்டது. காப்புப் பிரதிகளைத் தேடியபோது களஞ்சியம் வெறுமையாயிருந்தது. தரவுத்தளம் 9.6ஆம் பதிப்பு, பிரதியெடுக்கும் கருவியோ 9.2ஆம் பதிப்பு. தன்னினும் புதிய தரவுத்தளத்தைப் பிரதிசெய்ய அக்கருவி மறுத்துவந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களோ பெறுமிடத்தில் ஏற்கப்படாது தள்ளப்பட்டன. பரிசோதனையொன்றுக்காக ஆறு மணித்தியாலங்களுக்கு முன் தற்செயலாக எடுக்கப்பட்டிருந்த பிரதியே இறுதியில் கைகொடுத்தது. அவ்விடைக்காலத்துக்குரிய சுமார் 5,000 செயற்றிட்டப் பதிவுகள், 5,000 கருத்துரைகள், 700 புதிய பயனர் கணக்குகள் பாதிப்புற்றன.

கட்டளையிட்டவரைக் குற்றவாளியாக்குதல் எளிது. ஆனால் பிரதிகளை மீளமைத்துப் பார்க்கும் பொறுப்பு எவரிடமும் ஒப்படைக்கப்பட்டிருக்கவில்லை என்பதை அவ்வறிக்கையே ஏற்றுக்கொள்கிறது. எமது கருத்தில் இதுவே மையமான குறைபாடு. துணைச் சேவையகம் இருக்கையில் வேறு காப்பு எதற்கு என வினவுவோரும் உளர். முதன்மைச் சேவையகத்தில் நிகழும் அழிப்பையும் அது உடனே பின்பற்றும் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

பிரதி இருக்குமிடமும் நோக்கற்பாலது. 2023 ஆகஸ்ட்டில் இலங்கை அரசாங்கத்தின் முகிற்கணினி கப்பமென்பொருளால் தாக்கப்பட்டபோது, அதே வலையமைப்பில் இணைந்திருந்த காப்புப் பிரதியும் பூட்டப்பட்டது. துண்டிக்கப்பட்ட நிலையில் வேறு பிரதி இல்லாமையால், மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. பொதுமக்களின் அலுவல்கள் தொடர்பான கடிதங்களும் அரச மின்னஞ்சல்களிலேயே இருப்பவை என்பதால், இதனைத் தொழினுட்பவியலாளரின் உள்வீட்டு விடயமாக நாம் கருதவியலாது.

தரவுகளை வேறொரு முறைமைக்கு ஏற்றுமதி செய்தல் காப்பினின்றும் வேறானது. காற்புள்ளியாற் பிரிக்கப்பட்ட வெற்று உரைக்கோப்பை எம்மென்பொருளும் வாசிக்கும். ஆனால் அட்டவணைகளுக்கிடையிலான தொடர்புகள் அதில் தங்குவதில்லை. தமிழுக்கு மேலுமோர் இடர் உண்டு. பாமினி எழுத்துருவில் உள்ளிடப்பட்ட பெயர்கள் தரவுத்தளத்தில் ஆங்கில எழுத்துகளாகவே பதிந்திருக்கும். ஏற்றுமதியான கோப்பில் எழுத்துரு உடன்செல்லாது. 'அம்மா' என்ற சொல் 'mk;kh' என்னும் பொருளற்ற எழுத்துக்கோவையாய் வெளிப்படும். எந்தப் புலம் பாமினியில் உள்ளது, எது ஒருங்குறியில் உள்ளது என்பதை, அத்தரவை உள்ளிட்ட எழுதுவினைஞர்கள் ஓய்வுபெறுமுன்னரே கேட்டுக் குறித்துவைத்தல் வேண்டும்.