உப்புக்காற்றில் ஓடும் வாஷிங் மெஷின்: மெக்கானிக்குக்குப் போன் போடும் முன் கோடியக்கரை வீடுகளில் பார்க்க வேண்டியவை

வேதாரண்யத்திலிருந்து அகஸ்தியம்பள்ளி, கோடியக்காடு வழியாகக் கோடியக்கரைக்குச் சுமார் 10 கிலோமீட்டர். 1930-ல் ராஜாஜி தலைமையில் வந்தவர்கள் உப்பு அள்ளிய மண் இது. உப்பளங்களைத் தாண்டிப் போனால் காடு, காட்டைத் தாண்டினால் கடல். கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை. எந்தப் பக்கம் காற்றடித்தாலும் அதில் உப்பு இருக்கும். கொல்லைப்புறத்தில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்த வாஷிங் மெஷினுக்குள்ளும் அது போய் உட்கார்ந்துகொள்ளும்.

மெஷின் ஒருநாள் காலையில் 'உர்ர்' என்று முனகிவிட்டு நின்றுபோனால், கடற்கரைக் கிராமத்தில் அது பெரிய தலைவலி. மெக்கானிக் வேதாரண்யத்திலிருந்தோ நாகப்பட்டினத்திலிருந்தோ வர வேண்டும். இன்னும் நாலு வீட்டு வேலை சேர்ந்தால்தான் கிளம்புவார். அதுவரை மணலும் மீன் வாடையும் ஏறிய துணியெல்லாம் மறுபடி கல்லுக்கு வரும். துவைப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வந்த மெக்கானிக் ஐந்தே நிமிடத்தில் ஒரு சல்லடையைக் கழுவி மாட்டிவிட்டு, வந்துபோன கூலியை வாங்கிக்கொண்டு போவதும் உண்டு. அவர் மேல் தப்பில்லை. அந்தச் சல்லடையை நாமே கழுவியிருக்கலாம் என்பதுதான் விஷயம்.

தண்ணீர் வரவில்லையா?

ஃபுல்லி ஆட்டோமேட்டிக் மெஷினில் அடிக்கடி வரும் தொல்லை இது. மெஷின் ஆன் ஆகும், விளக்கு எரியும், தண்ணீர் மட்டும் சொட்டுச் சொட்டாக விழும். எல்.ஜி. மெஷின்களில் திரையில் 'ஐ.இ.' என்று காட்டினால் தண்ணீர் ஏறவில்லை என்று அர்த்தம். 'ஓ.இ.' என்றால் தண்ணீர் வெளியே போகவில்லை. 'யூ.இ.' என்றால் துணி ஒரே பக்கமாகச் சேர்ந்துவிட்டது. மற்ற கம்பெனி மெஷின்களுக்குக் குறியீடு வேறு. கையேட்டின் கடைசிப் பக்கங்களில் பட்டியல் இருக்கும்.

முதலில் ப்ளக்கைப் பிடுங்குங்கள். பிறகு குழாயை மூடிவிட்டு, மெஷினின் பின்னால் மாட்டியிருக்கும் தண்ணீர் ஹோஸைக் கையால் திருகிக் கழற்றுங்கள். ஹோஸ் மாட்டும் வாயில் விரல்நுனி அளவுக்கு ஒரு சின்ன வலை இருக்கும். போர் தண்ணீரில் வரும் மணலும், உப்புப் படிவும், குழாய்த் துருவும் அதில் அப்பியிருக்கும். மூக்கு நீண்ட குறடால் மெல்ல இழுத்தால் வலை வந்துவிடும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மாட்டினால் போதும். படிவு கெட்டியாக இருந்தால் அரை மணி நேரம் எலுமிச்சைச் சாற்றில் ஊற வைக்கலாம். மணல் அதிகமாக வரும் வீடுகளில் மாதம் ஒருமுறை இதைச் செய்வது நல்லது. வலை இடைஞ்சலாக இருக்கிறது என்று தூக்கிப் போட்டுவிடக் கூடாது. அதற்குப் பின்னால் இருக்கும் வால்வுக்குள் மணல் போனால் உண்மையான செலவு வரும்.

வலை சுத்தமாக இருந்தும் தண்ணீர் வரவில்லையா? டேங்க்கைப் பாருங்கள். மேல்நிலைத் தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் சுமார் 1 பார் அழுத்தம் கிடைக்கும். ஒற்றை மாடி வீட்டின் மேல் வைத்த தொட்டி என்றால் உயரம் 3 மீட்டர், அழுத்தம் 0.3 பார்தான். பல மெஷின்கள் குறைந்தபட்சம் கேட்பதே 0.3 முதல் 0.5 பார். தொட்டியில் தண்ணீர் பாதிக்குக் கீழே போனாலே மெஷின் மக்கர் பண்ணுவது இதனால்தான். அது மெஷினின் பழுது அல்ல.

சோப்பு நுரைக்காத தண்ணீர்

உப்புத் தண்ணீர் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு சங்கதி இருக்கிறது. கால்சியம், மெக்னீசியம் அதிகமுள்ள கடினத் தண்ணீர் ஒன்று. சமையல் உப்பான சோடியம் குளோரைடு ஏறிய உவர்நீர் இன்னொன்று. முதலாவது நுரையைக் கெடுக்கும், டிரம்முக்கும் ஹீட்டருக்கும் மேல் வெள்ளையாகப் படியும். இரண்டாவது இரும்பை அரிக்கும். கடலோரக் கிணறுகளில் இரண்டும் சேர்ந்தே வரும்.

குடிநீருக்கான இந்தியத் தர அளவுப்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை ஏற்கலாம். துவைக்கும் தண்ணீர் இதைவிட மோசமாக இருந்தால் பவுடரைக் கூட்டிப் போடுவோம். கூடுதல் பவுடர் கரையாமல் டிரம்முக்குப் பின்னால் களியாக ஒட்டி, வாடை அடிக்கும். துணியே போடாமல், 100 கிராம் சிட்ரிக் ஆசிட் பொடியைப் போட்டு, வெந்நீர் வசதியுள்ள மெஷினில் ஒரு சுற்று ஓட்டினால் படிவு கரையும். இதை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: அந்தச் சுற்றில் ப்ளீச்சிங் பவுடரோ, குளோரின் ப்ளீச் திரவமோ சேர்க்கவே கூடாது. அமிலமும் குளோரின் ப்ளீச்சும் கலந்தால் நச்சு வாயு வரும்.

ஃப்ரண்ட் லோடு மெஷினில் ஸ்பின் ஓடும்போது பஸ் கிளம்புவதுபோலக் கடகடவென்று சத்தம் வந்தால், முதலில் நாலு காலும் தரையில் சமமாகப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு கனமான போர்வையைப் போட்டாலும் இப்படி ஆடும். கூட இரண்டு துண்டைச் சேர்த்துப் போட்டால் அடங்கும். இரண்டும் சரியாக இருந்தும் சத்தம் தொடர்ந்தால், டிரம்மைத் தாங்கும் அலுமினியக் கலவைத் தாங்கியை உப்பு அரித்திருக்கலாம், பேரிங் போயிருக்கலாம். அதை வீட்டில் சரிசெய்ய முடியாது.

செமி ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களுக்கு வரும் தொல்லை வேறு. ஸ்பின் சுற்றவில்லை என்றால் மூடி சரியாக மூடியிருக்கிறதா, உள்தொட்டிக்கும் வெளித்தொட்டிக்கும் நடுவில் சாக்ஸோ கைக்குட்டையோ மாட்டியிருக்கிறதா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. மோட்டார் முனகுகிறது, ஆனால் சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் பெல்ட் அல்லது கண்டன்சர். மாலை நேரத்தில் மட்டும் இப்படி ஆனால் வோல்டேஜ் குறைவாக இருக்கலாம். கண்டன்சரில் கை வைக்காதீர்கள். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தேங்கியிருக்கும்.

"லேசாத்தான் ஷாக் அடிக்குது"

இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எந்த வீட்டிலும் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது. ஈரத் தரை, வெறுங்கால், ஈரக்கை. மெஷினைத் தொட்டால் சுரீர் என்கிறது. உடனே பலகை போட்டு அதன் மேல் நின்றோ, செருப்பு போட்டுக்கொண்டோ துவைக்கப் பழகிவிடுகிறார்கள்.

ஆட்டோமேட்டிக் மெஷின்களில் மின் இரைச்சலைக் குறைக்க ஒரு ஃபில்டர் இருக்கும். அதிலிருந்து மிகச் சிறிய அளவு மின்சாரம் எர்த் வழியாகப் போகும்படிதான் அமைத்திருப்பார்கள். எர்த் இல்லையென்றால் அது மெஷினின் உடம்பில் நிற்கும். அதாவது, மெஷினில் பழுதே இல்லாமலும் சுரீர் என்று அடிக்கலாம். அப்படி அடித்தால் வீட்டில் எர்த் செத்துவிட்டது என்று பொருள். நாளைக்கு நிஜமாகவே ஒரு ஒயர் அறுந்து உடம்பில் பட்டால், அந்த 230 வோல்ட் போவதற்கு, தொட்டவரின் உடலைத் தவிர வேறு வழி இருக்காது.

கடற்கரையில் எர்த் சாவது எளிது. உப்பு ஏறிய ஈர மண்ணில் மின்சாரம் நன்றாகவே இறங்கும். ஆனால் அதே உப்பு எர்த் குழாயையும் அதில் முடுக்கிய கம்பியையும் சில வருடங்களில் தின்றுவிடும். வீடு கட்டியபோது போட்டது இன்றைக்கும் இருக்கிறது என்று நம்பி இருக்க முடியாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று மாட்டச் சொல்லுங்கள். எம்.சி.பி. இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம்; அது ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், டப்பென்று கீழே விழ வேண்டும். மூன்று முனை ப்ளக்கின் மேல் முனையை வெட்டிவிட்டு இரண்டு துளை போர்டில் சொருகுவது வேண்டவே வேண்டாம்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு

கடையில் ஃப்ரண்ட் லோடைத்தான் முதலில் காட்டுவார்கள். தண்ணீர் அழுத்தம் இல்லாத, கரண்ட் போய்ப் போய் வரும் கடலோரக் கிராமத்துக்குச் செமி ஆட்டோமேட்டிக்தான் சௌகரியம். வாளியில் மொண்டு ஊற்றலாம், பாதியில் நின்றாலும் துணியைக் கையில் எடுக்கலாம், சர்க்யூட் போர்டு என்ற பெரிய செலவு பெரும்பாலும் இருக்காது. அடிப்பாகம் பிளாஸ்டிக்கில் இருக்கும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

வாரன்ட்டி இருந்தும் கம்பெனி ஆள் வரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். வழக்கு என்று வந்தால், 2019-ம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி வாங்கிய ஊருக்குப் போகத் தேவையில்லை, சொந்த மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னால் மெஷினை ஒரு முழ உயரச் செங்கல் மேடையில் ஏற்றி வைத்துவிடுங்கள். 2018 நவம்பர் 16-ம் தேதி அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்ததை இந்தப் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மழைத் தண்ணீர் மோட்டார் வரை ஏறியிருந்தால், வெயிலில் காயவைத்தாயிற்று என்று ப்ளக்கைச் சொருகாதீர்கள். மெக்கானிக் திறந்து பார்த்த பிறகு ஓட்டலாம்.