புருவ ஓரத்துக் கட்டி

குழந்தைக்கு எண்ணெய் பூசிக் குளிப்பாட்டும் தாயின் விரலுக்கே பெரும்பாலும் அது முதலில் அகப்படுகின்றது. புருவத்தின் வெளிமுனையருகே, கடலைப் பருமனில், வழுவழுப்பான ஒரு கட்டி. தொட்டால் குழந்தை அழுவதில்லை. சிவப்போ சூடோ இல்லை. மேலுள்ள தோல் தாராளமாக அசையும். கட்டி மட்டும் அடியெலும்போடு ஒட்டினாற்போல் நிற்கும். பழுத்ததும் உடைந்துவிடும், பற்றுப் போடுங்கள் என்பர் அயலவர். ஆயினும் மாதங்கள் பல சென்றும் அது பழுப்பதில்லை. குழந்தை பிறக்குமுன்னரே அங்கே அமைந்துவிட்ட ஒன்று அது.

கருவில் முகம் உருவாகுங்கால் நெற்றியெலும்பும் கன்னவெலும்பும் வெவ்வேறாகத் தோன்றி வளர்ந்து, கட்குழியின் வெளியோரத்தில் ஒன்றையொன்று சந்திக்கின்றன. அவை பொருந்துமிடத்தில் மேற்றோலின் சிறு துணுக்கொன்று சிக்கிக்கொள்வதுண்டு. சிக்கிய தோல் தன் இயல்பான தொழிலை விடுவதில்லை. வெளியே இருந்திருந்தால் செய்வதையே உள்ளேயும் செய்கின்றது: செதில் உதிர்க்கின்றது, நெய் சுரக்கின்றது, மயிரும் முளைக்கின்றது. வெளித்தோலின் கழிவு குளியலோடு போய்விடும். இதற்கோ வாசலில்லை. யாவும் ஒரு பைக்குள் அடைபட, பை மெல்ல மெல்லப் பருக்கின்றது. வைத்தியர்கள் இதனை டேர்மொயிட் என்பர். தோற்பை எனத் தமிழிற் கூறலாம். கட்குழியில் தோன்றும் பிறவிப் பைகளுள் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. இது புற்றுநோயன்று.

பை முழுதாக இருக்கும்வரை பெருந்தொல்லை இல்லை. அழுத்தினாலோ, ஊசியாற் குத்தினாலோ, குழந்தை விழுந்து அடிபட்டாலோ அது கிழியலாம். அப்போது வெளியேறும் நெய்யையும் செதிலையும் உடல் அந்நியப் பொருளாகவே கொண்டு கடுமையாக எதிர்க்கும். இமை வீங்கிச் சிவந்து வலியெடுக்கும். அழற்சி தணிந்தபின்னரும் சுற்றிழையங்கள் ஒட்டிக்கொள்வதால் சத்திரசிகிச்சை கடினமாகும். பையின் சுவரிற் சிறு துண்டு எஞ்சினாலும் கட்டி மீண்டும் தோன்றக்கூடும். கீறிச் சீழ் எடுப்பதுபோல் இதனைக் கையாள எண்ணுவது பெருந்தவறு. உள்ளே சீழே இல்லை.

ஆகவேதான் சத்திரவைத்தியர் பையை உடையாமல் முழுதாக எடுக்க முயல்கின்றார். அவசரமேதுமில்லையாதலால், குழந்தை ஓரளவு வளர்ந்தபின், மயக்கமருந்து கொடுத்துச் செய்வது வழக்கம். மேலிமையின் மடிப்பிலோ புருவத்தையொட்டியோ வெட்டுவதால் தழும்பும் எளிதிற் கண்ணிற் படாது.

கட்டி மூக்கின் பக்கமாக இருப்பின் கதை வேறு. அவ்விடத்தில் மூளையின் உறையோ மூளையின் ஒரு பகுதியோ எலும்பின் இடைவெளியூடே பிதுங்கி நிற்பதும் கட்டிபோலவே தோன்றும். சீ.ரீ. அல்லது எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பாராமல் அங்கே கத்தி வைப்பதில்லை. கட்குழியின் ஆழத்திலிருக்கும் பைகளோ வளர்ந்தவர்களான பின்னரே, கண் மெல்ல முன்தள்ளுவதால் வெளிப்படுவதுண்டு. அரிதாகச் சில, எலும்பைத் துளைத்து உள்ளும் புறமும் இரு குமிழாக அமைகின்றன. அத்தகையோருக்கு உணவை மெல்லும்போது, கன்னப்பொறித் தசை புறக்குமிழை அழுத்த, கண் சற்றே முன்வந்து மீளும்.