பழைய வால்வு வானொலிப் பெட்டி: இனங்காணலும் சோதித்தலும்

1904இல் பிளெமிங் ஆக்கிய இருமுனை வால்விலிருந்து வளர்ந்த வானொலிக் கலை, திரான்சிற்றர் பரவும் வரை கண்ணாடிக் குமிழ்களையே நம்பியிருந்தது. அக்காலப் பெட்டிகள் சில வீட்டு மூலைகளில் இன்றும் கிடக்கின்றன. அவற்றைக் கண்டெடுப்போர் முதலிற் செய்ய விழைவது, மின்செருகியைப் பொருத்திப் பார்த்தலேயாம். முதலிற் செய்யத்தகாததும் அதுவே.

முகப்பிற் பொறித்த பெயர் ஆக்கியோரைக் காட்டுமேயன்றி உட்சுற்றைக் காட்டாது. பின்பலகையை அகற்றி வால்வுகளின் குறிகளைப் படித்தல் வேண்டும். ஐரோப்பிய வால்வுகளில் 'ஈ' என்னும் முதலெழுத்து 6.3 உவோற்று இழையைக் குறிக்கும். 'யூ' என்பது 100 மில்லியம்பியர் ஓட்டத்தில் தொடராக இணைத்தற்குரிய இழையைக் குறிக்கும். அமெரிக்க வால்வுகளிலோ முன்னிற்கும் எண்ணே ஏறத்தாழ இழையின் அழுத்தமாகும். ஒரு பெட்டியில் 12, 12, 12, 50, 35 எனத் தொடங்கும் ஐந்து வால்வுகள் உளவெனின், அவற்றின் கூட்டுத்தொகை 121. அந்நாட்டு மின்வழங்கலின் அழுத்தமும் ஏறக்குறைய அத்துணையே. நிலைமாற்றியின்றி இழைகள் நேரே மின்வழியில் நிற்கின்றன என்பது இச்சிறு கூட்டலால் விளங்கும். இலங்கையின் 230 உவோற்றில் அதனை நேரே செருகின் இழைகள் எரிந்துபோம்.

இத்தகைய பெட்டிகளிலும் 'யூ' வகைப் பெட்டிகளிலும் உலோகச் சட்டம் மின்வழியோடு தொடர்புற்றிருத்தல் வழக்கம். செருகி திரும்பிப் பொருந்தின் சட்டம் முழுவதும் உயிர்கொல்லியாகும். குமிழ்ப்பிடியின் சிறு திருகாணியைத் தொடுதலும் போதும். நிலைமாற்றி ஒன்று காணப்பட்டமையால் மட்டும் அச்சம் நீங்கிவிடாது. ஒரே சுருளாலான தன்னிலைமாற்றி மின்வழியைப் பிரித்து வைப்பதில்லை. இவற்றைத் தனிப்படுத்தும் நிலைமாற்றி வழியாகவன்றிச் சோதித்தல் ஆகாது.

நெடுங்காலம் உறங்கிய பெட்டியில் வால்வைக் காட்டிலும் ஒடுக்கிகளே முன்னர்க் கெடும். மெழுகிட்ட கடதாசி ஒடுக்கிகள் கசியும். வெளியீட்டு வால்வின் கிரிட்டுக்குச் செல்லும் ஒடுக்கி கசியின், ஓட்டம் மிகுந்து வால்வும் வெளியீட்டு நிலைமாற்றியும் அழியும். அதனை மின் கொடுக்குமுன்பே மாற்றுதல் நன்று.

பின்னர், 60 உவாற்று இழைவிளக்கு ஒன்றைத் தொடராக இணைத்து மின் கொடுக்கலாம். விளக்கு சிறிது ஒளிர்ந்து மங்கின் சோதனையைத் தொடரலாம். முழு ஒளியோடு நிற்பின் உள்ளே குறுஞ்சுற்று உண்டு, உடனே நிறுத்துக. நிறுத்திச் செருகியைக் கழற்றிய பின்னும் பெரிய ஒடுக்கிகளில் ஏற்றம் எஞ்சியிருக்கும். அதனைத் தடையொன்றின் வழியே இறக்கி, மானியால் அளந்து, அழுத்தம் இல்லையெனக் கண்ட பின்னரே சுற்றிற் கைவைத்தல் வேண்டும்.