மடையும் வழங்கியும்: ஜாவாப் பயன்பாட்டு வழங்கியைப் பேணும் முறை

கணிப்பொறி நம் அன்றாட வாழ்வோடு இரண்டறக் கலந்துவிட்ட காலம் இது. பிறப்புச் சான்று, வீட்டுவரி, தேர்வுக் கட்டணம், வங்கிக் கணக்கு, தொடர்வண்டிப் பயணச்சீட்டு என யாவும் கணிப்பொறி வழியே நடைபெறுகின்றன. அதனோடு புதுத்தொடர் ஒன்றும் நம் நாவில் ஏறிவிட்டது. ‘சர்வர் டவுன்’ என்பதே அது. குலசேகரத்திலிருந்து ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்த தாய் ஒருவர், இவ்விரு சொற்களைக் கேட்டதும் மறுபேச்சின்றித் திரும்பிப் போவதை நாம் கண்டிருக்கிறோம். வானம் பொய்த்தது போன்று, மனிதர் கையில் இல்லாத ஒன்றாக அது ஏற்றுக்கொள்ளப்படுகிறது.

உண்மை அதுவன்று. வழங்கி பெரும்பாலும் திடுமென விழுவதில்லை. விழுமுன் பல அறிகுறிகளைக் காட்டுகிறது. அவற்றைக் கண்டறியும் கலையே வழங்கி நிருவாகமும் கண்காணிப்பும் ஆகும். அறிவியலைத் தமிழில் எடுத்துரைப்பது தமிழ்த்துறையின் கடமைகளுள் ஒன்று. நம்மிடம் தமிழ் பயின்ற மாணவர் பலர் இன்று கணிப்பொறித் துறையில் பணியாற்றுகின்றனர். ஆதலின் இப்பொருளை இம்மலரில் விளக்க முற்படுகிறோம்.

பயன்பாட்டு வழங்கி என்பது யாது?

ஜாவா என்னும் நிரல்மொழியை ஜேம்ஸ் காஸ்லிங் தலைமையிலான குழுவினர் உருவாக்க, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1995-ஆம் ஆண்டு வெளியிட்டது. 2010-இல் ஆரக்கிள் நிறுவனம் சன் நிறுவனத்தை வாங்கியது. எவ்வகைக் கணிப்பொறியிலும் ஓடவல்லது என்பதால், வங்கிகளும் அரசு அலுவலகங்களும் இம்மொழியைப் பெரிதும் விரும்பின.

ஓர் அலுவலகத்தின் பணியைச் செய்யும் நிரல், தானே எல்லா வேலைகளையும் பார்ப்பதில்லை. வந்தவரை வரவேற்றல், வரிசைப்படுத்தல், தரவுத்தளத்தோடு இணைத்தல், அடையாளம் சரிபார்த்தல் ஆகிய பொதுப்பணிகளை மற்றொரு மென்பொருள் ஏற்றுக்கொள்கிறது. அதுவே பயன்பாட்டு வழங்கி. வெப்லாஜிக், வெப்ஸ்பியர், வைல்ட்ஃபிளை ஆகியன இவ்வகையின. டாம்கேட் இவற்றினும் எளியது. ஆயினும் பல இடங்களில் இதே பணியைச் செய்கிறது.

நம் மாநிலத்திலேயே இதற்குச் சான்று உண்டு. 2003-இல் தொடங்கப்பெற்ற இ-கவர்ன்மென்ட்ஸ் ஃபவுண்டேஷன் என்னும் பெங்களூர் அமைப்பு, உள்ளாட்சி மன்றங்களுக்கென ஜாவா மொழியில் மென்பொருள் உருவாக்கியது. சென்னை மாநகராட்சி சொத்துவரி முதலான பணிகளுக்கு இவ்வமைப்பின் மென்பொருளைப் பயன்படுத்தியது. பின்னர் மூலநிரலுடன் யாவரும் காண வெளியிடப்பெற்ற இதன் நகராட்சித் தொகுப்பு, வைல்ட்ஃபிளை வழங்கியின்மீதும் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின்மீதும் இயங்குமாறு அமைந்தது. வரி செலுத்துவோர் திரையில் காண்பது ஒரு படிவம் மட்டுமே. அதன் பின்னே வழங்கி ஒன்று இரவும் பகலும் விழித்திருக்கிறது.

அணையும் அளவுகோலும்

நாஞ்சில் நாட்டார்க்கு இதனை விளக்க வேற்றூர் உவமை வேண்டியதில்லை. மூலம் திருநாள் மன்னர் காலத்தில் 1897-இல் தொடங்கி 1906-இல் கட்டிமுடிக்கப்பெற்ற பேச்சிப்பாறை அணை நம்மிடம் உள்ளது. பொறியாளர் மிஞ்சினின் பெயர் இன்றளவும் அதனோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. உழவர் எவரும் குடமெடுத்து அணைக்குச் செல்வதில்லை. தோவாளைச் சானல், அனந்தனாறு முதலிய கால்வாய்களும் அவற்றின் மடைகளும் நீரை முறைவைத்து வயலுக்குக் கொணர்கின்றன. தரவுத்தளம் அணை என்றால், பயன்பாட்டு வழங்கி அம்மடைகளின் தொகுதி.

பேச்சிப்பாறையின் முழு நீர்மட்டம் 48 அடி; பெருஞ்சாணியின் முழு நீர்மட்டம் 77 அடி. இவ்வணைகளின் நீர்மட்டத்தை நாளேடுகள் நாள்தோறும் வெளியிடுகின்றன. இன்று 40 அடி என்னும் ஓரெண் தனித்து நின்று அதிகம் உணர்த்தாது. நேற்று 39, முன்தினம் 36 என்று சேர்த்துக் காணும்போதே உழவரும் பொறியாளரும் செய்யவேண்டியது புலப்படுகிறது. கண்காணிப்பின் முதற்பாடம் இதுவே. அளவைக் குறித்தால் மட்டும் போதாது. அளவின் போக்கைக் காணவேண்டும்.

காணவேண்டிய மூன்று அளவுகள்

முதலாவது நினைவகம். ஜாவா நிரல், தான் உருவாக்கும் பொருள்களை ‘ஹீப்’ என்னும் நினைவகப் பரப்பில் வைக்கிறது. பயன் முடிந்தவற்றைக் குப்பை அகற்றும் பொறி ஒன்று அவ்வப்போது நீக்குகிறது. ஆகவே நினைவகப் பயன்பாடு ஏறியும் இறங்கியும் அரவாளின் பற்களைப் போன்று வரைபடத்தில் தோன்றும். ஏறுவது கண்டு அஞ்ச வேண்டியதில்லை. குப்பை அகற்றிய பின்னும் எஞ்சி நிற்கும் அடிமட்டத்தையே கவனிக்க வேண்டும். 4 கிகாபைட் ஒதுக்கிய வழங்கியில் அவ்வடிமட்டம் முதல்நாள் 1, மூன்றாம் நாள் 2, ஆறாம் நாள் 3 என்று உயருமாயின், எங்கோ பொருள்கள் விடுவிக்கப்படாமல் தேங்குகின்றன என்பது தெளிவு. இடம் குறையக் குறைய, குப்பை அகற்றும் பொறி ஓயாது உழைக்கும். பயனர்களின் பணியோ நின்றுபோகும். இறுதியில் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்ற பிழையுடன் வழங்கி செயலிழக்கும். ஆறு நாள்களுக்கு முன்பே கண்டிருக்கக்கூடிய விபத்து இது.

இரண்டாவது இழைகள். வரும் வேண்டுகோள் ஒவ்வொன்றையும் ‘திரெட்’ எனப்படும் ஓர் இழை ஏற்றுச் செயலாற்றுகிறது. டாம்கேட் வழங்கியில் இயல்பாக அமைக்கப்பட்டுள்ள உச்ச அளவு 200 இழைகள். ஒரு வேண்டுகோளுக்கு அரை நொடி ஆகுமெனின், நொடிக்கு 400 பேருக்கு விடை கிடைக்கும். தரவுத்தளம் தளர்ந்து ஒரு வேண்டுகோளுக்கு 5 நொடி ஆகுமாயின், அதே 200 இழைகள் நொடிக்கு 40 பேருக்கே விடையளிக்க இயலும். எஞ்சியோர் வரிசையில் நிற்பர். இவ்வேளையில் மையச் செயலகத்தை நோக்கினால், அது வேலையின்றி ஓய்ந்திருப்பதாகவே தோன்றும். இழைகள் அனைத்தும் தரவுத்தளத்தின் விடைக்காகக் காத்துக்கிடப்பதே காரணம். செயலகத்தின் உழைப்பை மட்டும் கண்டு ‘எல்லாம் நலம்’ என்று கூறும் நிருவாகி ஏமாந்துபோவார்.

மூன்றாவது தரவுத்தள இணைப்புகள். ஒவ்வொரு முறையும் புதிதாக இணைப்பை உண்டாக்குவது நேரம் பிடிக்கும் செயல். ஆதலின் வழங்கி சில இணைப்புகளைத் தொகுத்து வைத்துக்கொண்டு, கேட்கும் நிரலுக்குக் கடனாகக் கொடுத்துத் திரும்பப் பெறுகிறது. வைல்ட்ஃபிளையில் இத்தொகுதியின் இயல்பான உச்சம் 20. கடன் வாங்கிய நிரல் திருப்பித் தராவிடில், இருபதாவது கடனோடு கையிருப்பு தீர்ந்துவிடும்.

இவ்வளவுகளைக் காண்பதற்கு ஜாவாவிலேயே வழியுண்டு. 2004-இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு முதல் ஜே.எம்.எக்ஸ் என்னும் கண்காணிப்பு ஏற்பாடு ஜாவாவுடன் சேர்ந்தே வருகிறது. ‘ஜேகன்சோல்’ என்னும் கருவி அவ்வளவுகளை வரைபடமாகக் காட்டும். பல வழங்கிகளின் அளவுகளை ஒருங்கே திரட்டிச் சேமிக்கப் புரோமிதியஸ், அவற்றைத் திரையில் விரித்துக் காட்டக் கிராஃபானா முதலிய கட்டற்ற மென்பொருள்களும் உள்ளன.

நாம் கண்ட ஒரு நிகழ்வு

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு நிறுவனத்தின் இணையப் படிவத்தில் நம் மாணவர் சிலர் விண்ணப்பிக்க முயன்றனர். காலையில் நன்கு இயங்கிய படிவம் நண்பகலில் உறைந்துபோயிற்று. அலுவலகத்தார் வழங்கியை நிறுத்தி மீண்டும் இயக்கினர், சரியாயிற்று. மாலையில் மறுபடியும் உறைந்தது, மறுபடியும் இயக்கினர். இவ்வாறே நான்கு நாள்கள் கழிந்தன. இறுதி நாளும் கடந்தது. மாணவர் இருவர் விண்ணப்பிக்க இயலாமலே போயிற்று. ‘கூட்டம் அதிகம்’ என்பதே கிடைத்த விளக்கம்.

பின்னர் அதனைச் செப்பனிட அழைக்கப்பட்ட பொறியாளர், நம் பழைய மாணவர்களுள் ஒருவர். அவர் வழங்கியை உடனே மீள இயக்கவில்லை. உறைந்திருந்த நிலையிலேயே இழைகளின் நிலைப்பதிவை ‘ஜேஸ்டாக்’ என்னும் கருவியால் எடுத்தார். இழைகள் அனைத்தும் இணைப்பை எதிர்நோக்கி ஒரே வரியில் நின்றுகொண்டிருந்தன. படிவத்தில் பிழை நேரும்போதெல்லாம் நிரல் தன் இணைப்பைத் திருப்பித் தராமல் விட்டிருக்கிறது. பிழைக்கு ஓர் இணைப்பாக இழந்து, நண்பகலுக்குள் தொகுதி முழுவதும் தீர்ந்திருக்கிறது. மீள இயக்கினால் புதிய தொகுதி கிடைக்கும். ஆகவே சில மணிநேரம் ஓடும். நோய் நீங்காமல், நோயின் தடயம் மட்டும் ஒவ்வொரு முறையும் அழிந்துகொண்டிருந்தது.

பிழை ஏன் நேர்ந்தது என்பதே தமிழ்த்துறையினராகிய நம்மை வியப்பில் ஆழ்த்தியது. ஊர்ப்பெயரைத் தமிழில் தட்டச்சு செய்தவர்களின் விண்ணப்பங்களே பிழைபட்டன!

தமிழெழுத்தும் வழங்கியும்

‘நாகர்கோவில்’ என்னும் சொல்லில் நமக்கு ஆறெழுத்து. யூனிகோடு முறையில் மெய்க்குரிய புள்ளியும் உயிர்மெய்க்குரிய குறிகளும் தனித்தனிக் குறியீடுகள். ஆதலின் கணிப்பொறிக்கு அது 11 குறியீடு. இன்று பரவலாக வழங்கும் யூ.டி.எஃப்-8 குறியாக்கத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டு இடம் கொள்வதால் மொத்தம் 33 பைட்டு. ஆங்கிலத்தில் எழுதினால் 9 பைட்டே போதும். ஊர்ப்பெயருக்கு 30 பைட்டு என்று ஆங்கிலத்தை மனத்திற்கொண்டு தரவுத்தளத்தில் வரையறுத்திருந்தனர். நம் மாவட்டத் தலைநகரின் பெயரே அதனுள் அடங்கவில்லை.

மற்றொரு தீங்கும் உண்டு. ஜாவா தொடக்கம் முதலே யூனிகோடைத் தன்னுள் ஏற்ற மொழி. ஆயினும் எழுத்துகளைக் கோப்பில் எழுதும்போது, தனியே குறிப்பிடாவிடில், இயங்குதளத்தின் வழக்கமான குறியாக்கத்தையே நெடுங்காலம் பின்பற்றி வந்தது. அது தமிழை அறியாத குறியாக்கமாயின், எழுத்துகள் வினாக்குறிகளாக மாறிப் பதிவாகும். அவ்வாறு பதிவானதை மீட்க வழியில்லை. 2022-இல் வெளிவந்த 18-ஆம் பதிப்பிலிருந்தே யூ.டி.எஃப்-8 இயல்பான குறியாக்கமாயிற்று. பழைய பதிப்புகளை இயக்குவோர் இவ்வமைப்பைத் தாமே குறிப்பிட வேண்டும். வழங்கியை ஆயும்போது ஆங்கிலப் பெயரால் மட்டும் சோதிக்காமல், நீண்ட தமிழ்ப்பெயர் ஒன்றாலும் சோதிப்பது நம் நாட்டு நிருவாகிகளின் கடமை.

நிருவாகி மறவாதன

பதிவேடுகளை நாள்தோறும் படித்தல் முதற்கடமை. மேற்கண்ட நிகழ்வில் பிழைகள் அனைத்தும் பதிவேட்டில் எழுதப்பட்டே இருந்தன, படித்தவர் இலர். செயலிழப்பு நேரின், மீள இயக்குமுன் இழைகளின் நிலைப்பதிவையும், இயலுமாயின் நினைவகப் பதிவையும் எடுத்துவைத்தல் இரண்டாவது. இதற்குச் சில நிமிடங்களே ஆகும்.

மென்பொருளின் உட்கூறுகளை அறிந்து புதுப்பித்தல் மூன்றாவது. 2021 டிசம்பரில், பதிவேடு எழுதப் பயன்படும் லாக்ஃபோர்ஜே என்னும் ஜாவா நூலகத்தில் கடுமையான பாதுகாப்புக் குறை ஒன்று வெளிப்பட்டது. வெளியார் அனுப்பும் சிறு சொற்றொடர் ஒன்றைப் பதிவேட்டில் எழுதினாலே, அவர் விரும்பும் நிரல் நம் வழங்கியில் இயங்கக்கூடிய நிலை. கடுமை அளவையில் அதற்குப் பத்துக்குப் பத்து வழங்கப்பெற்றது. தம் வழங்கியில் எந்தெந்த நூலகங்கள் உள்ளன எனப் பட்டியலிட்டு வைத்திருந்தோர் விரைந்து செப்பனிட்டனர். ஏனையோர் முதலில் தேடவேண்டியவராயினர். நிருவாகத் திரையின் வாயிலை இணையத்தில் திறந்து வைக்காமையும் இக்கடமையுள் அடங்கும்.

நான்காவது, கடைவரம்பில் நின்று காணுதல். தலைமடையில் நீர் பாய்வதைக் கண்டு கடைவரம்பு வயலும் நனைந்தது எனக் கொள்ளும் உழவர் இலர். அதுபோல, வழங்கி ஓடிக்கொண்டிருப்பதனாலேயே பயனருக்கு விடை கிடைக்கிறது என்று கொள்ளலாகாது. குறித்த இடைவெளியில் பயனரைப் போன்றே ஒரு படிவத்தைத் திறந்து, எத்தனை நொடியில் விடை வருகிறது என்று அளந்து குறிக்கவேண்டும்.

எச்சரிக்கை ஒலியை அமைப்பதிலும் அளவு தேவை. சிறியதற்கெல்லாம் ஒலிக்கும் மணியை எவரும் பொருட்படுத்தார். உடனே எழுந்து செய்யவேண்டிய செயல் ஒன்று உண்டெனில் மட்டுமே அது ஒலிக்கவேண்டும்.

முடிவுரை

பேச்சிப்பாறை நிரம்பி வழியும் நாள் வரை காத்திருந்து எவரும் மதகைத் திறப்பதில்லை. மழையளவும் நீர்வரத்தும் கண்டு முன்னரே திறக்கின்றனர். ஆற்றோரத்து மக்கள் பிழைப்பது அக்கவனத்தால்தான். வழங்கியைக் காப்போரிடமும் நாம் எதிர்பார்ப்பது அதனையே. கணிப்பொறித் துறை நோக்கிச் செல்லும் நம் மாணவர்கள், ‘சர்வர் டவுன்’ என்று கூறி அமையாமல், அது ஏன் விழுந்தது, எப்போது தளரத் தொடங்கியது, மீண்டும் விழாதிருக்க என் செய்தோம் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை எழுதி வைக்கும் வழக்கத்தை மேற்கொள்வார்களாக. குலசேகரத்துத் தாய் அடுத்த முறை வரும்போது, வந்த வேலையை முடித்துக்கொண்டு வீடு திரும்பட்டும்.