முழங்கால் வலிக்குப் பயிற்சி: அறிந்ததும் அறிய வேண்டியதும்

கைத்தறிக் குழியில் கால்களை இறக்கி மிதிப்பவருக்கும், வயலில் குந்தியிருந்து களை எடுப்பவருக்கும் முழங்காலே முதற்பெரும் மூலதனமாகும். நூலும் தறியும் இருந்தும், நிலமும் நீரும் இருந்தும், முழங்கால் மடங்க மறுக்குமாயின் தொழில் நின்றுவிடும்; வருவாய் குறையும்; கடன் வளரும். ஆகவே முழங்கால் வலியைப் பற்றி ஒரு கூட்டுறவு ஏட்டில் எழுதப் புகுவதை அங்கத்தினர்கள் பொருத்தமற்றதெனக் கருதமாட்டார்கள் என நம்புகிறோம்.

நடுவயது கடந்து இவ்வலியுடன் மருத்துவரை நாடுவோர்க்கு இன்று கிடைக்கும் முதல் அறிவுரை உடற்பயிற்சி செய்க என்பதே. அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் கழகத்தார் 2019-ஆம் ஆண்டின் வழிகாட்டுதலில் பயிற்சி, உடல் எடைக் குறைப்பு, கைத்தடி ஆகியவற்றை உறுதியாகப் பரிந்துரைத்துள்ளனர். எனினும் பயிற்சியால் வலி எவ்வளவு குறையும், எக்காரணத்தால் குறைகிறது, அப்பயன் எவ்வளவு காலம் நிற்கும், யாருக்கு எப்பயிற்சி ஏற்றது என்னும் வினாக்களுக்கு ஆராய்ச்சியாளர் இன்னும் முடிவான விடை காணவில்லை. விடை காணப்படவில்லை என்பதால் பயிற்சியே வீண் என்று கைவிட்டுவிடலாமா? கூடாது என்பதே நம் கருத்து. அதற்குரிய காரணங்களை ஈண்டு விளக்குவோம்.

நோயின் இயல்பு

தொடை எலும்பின் அடிமுனையும் அதன் கீழுள்ள கால் எலும்பின் மேல்முனையும் சந்திக்குமிடத்தில் வழுவழுப்பான குருத்தெலும்பு உறைபோல் மூடியிருக்கிறது. அது நாளடைவில் மெலிந்து சிதைவதையே மூட்டுத் தேய்வு என்கிறோம். ஆயினும் வண்டியச்சு தேய்வதைப் போல இதனைக் கருதுதல் தவறு. அடியிலுள்ள எலும்பு, மூட்டைச் சூழ்ந்த சவ்வு, தொடைத்தசை ஆகிய அனைத்தும் இந்நோயில் பங்கு கொள்கின்றன. பல மூட்டுகளிலும் தோன்றும் இந்நோய் 2020-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 59 கோடியே 50 லட்சம் மக்களுக்கு இருந்ததெனக் கணக்கிட்டுள்ளனர். அவற்றுள் முழங்காலே மிகுதியாகத் தாக்குண்டது.

கெல்கிரன், லாரன்ஸ் என்னும் இரு மருத்துவர்கள் எக்ஸ்ரே படத்தைக் கொண்டு தேய்வை 0 முதல் 4 வரை தரம் பிரிக்கும் முறையை 1957-இல் வெளியிட்டனர். அது இன்றும் வழக்கிலுள்ளது. ஆயின் படத்தில் காணும் தேய்வும், நோயாளி உணரும் வலியும் பலசமயம் ஒத்து வருவதில்லை. படத்தில் தேய்வு மிக்கவர் வருத்தமின்றி நடப்பதுண்டு. சிறிதே தேய்வுள்ளவர் படியேற இயலாது வருந்துவதுமுண்டு. வலிக்கு அஞ்சிக் காலை அசையாது வைத்திருப்பின் தொடைத்தசை மெலியும். தசை மெலிந்தால் மூட்டு தாங்கவேண்டிய சுமை பெருகும். வலி மேலும் கூடும். இச்சுழலை அறுப்பதே பயிற்சியின் நோக்கமாகும்.

ஒப்பிட்டறியும் முறை

புதிய உரம் இட்ட வயல் நன்கு விளைந்தால், விளைச்சல் உரத்தால் வந்ததா, பருவமழையால் வந்ததா என்று எங்ஙனம் அறிவது? பக்கத்திலேயே உரமிடாத ஒரு பாத்தியையும் விட்டுவைத்து, இரண்டையும் ஒப்பிட்டால்தான் உண்மை விளங்கும். மருத்துவத்திலும் அவ்வாறே. முழங்கால் வலி ஏறுவதும் இறங்குவதும் இயல்பு. வலி உச்சத்திலிருக்கும் நாளில்தான் நாம் மருத்துவரை நாடுகிறோம். சில வாரங்களில் அது தானாகவே சற்றுத் தணிவதுண்டு. அத்தணிவையும் சேர்த்துச் சிகிச்சையின் கணக்கில் வரவு வைத்துவிடுகிறோம்.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 180 பேரைக் கொண்டு நடந்த ஆய்வொன்று 2002-இல் வெளியாயிற்று. ஒரு பகுதியினருக்கு மூட்டினுள் கருவி செலுத்திச் சிதைந்த பகுதிகளை அகற்றினர். மற்றொரு பகுதியினருக்கு மூட்டைக் கழுவி மட்டும் விட்டனர். எஞ்சியோருக்குத் தோலில் கீறல் மட்டும் இட்டு, அறுவை நடந்தது போலவே அமைத்தனர். இவ்வாறு நேரக்கூடும் என்பதை முன்கூட்டி அறிந்து இசைந்தவர்களே பங்கேற்றனர். ஆயினும் தமக்கு நடந்தது எது என்பதை அவர்கள் அறியார். இரண்டாண்டுகளுக்குப் பின் நோக்குங்கால், உண்மை அறுவை பெற்றோர்க்குப் போலி அறுவை பெற்றோரைவிட அதிக நலம் ஏதும் காணப்படவில்லை.

அறுவையை இவ்வாறு மறைத்துக் காட்ட முடிந்தது. பயிற்சியை மறைக்க முடியாது. காலைத் தூக்குபவர் தாம் காலைத் தூக்குவதை அறிவார். அதனால் வரும் நம்பிக்கை, பயிற்றுபவரின் பரிவு, தசையின் வலிமை ஆகிய மூன்றனுள் எதனால் வலி குறைந்தது என்று பிரித்தறிதல் அரிதாகிறது. ஆராய்ச்சியிலுள்ள முதல் இடைவெளி இதுவாகும்.

கிடைத்துள்ள கணக்கு

ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்னும் அமைப்பினர், முழங்கால் தேய்வுக்கான பயிற்சி பற்றிய 139 ஆய்வுகளை, 12,468 பேரின் விவரங்களுடன் 2024-இல் ஒருங்கே ஆராய்ந்தனர். வலியை நூறு புள்ளிகளால் அளந்தால், தனிச் சிகிச்சை பெறாதவரோடு ஒப்பிடுகையில் பயிற்சி செய்தோர்க்கு ஏறத்தாழ 13 புள்ளி குறைந்தது. போலிச் சிகிச்சையோ வேறுவகைக் கவனிப்போ பெற்றவரோடு ஒப்பிடுகையில் ஏறத்தாழ 9 புள்ளியே குறைந்தது. பயன் உண்டென்பது தெளிவு. அன்றாட வாழ்வில் அது எவ்வளவு பெரிது என்பதே ஐயம்.

டென்மார்க் நாட்டில் தென் டென்மார்க் பல்கலைக்கழகத்தார் 2013-இல் ஒரு திட்டம் தொடங்கினர். நோயைப் பற்றி இரண்டு பாட வகுப்புகளும், ஆறு வாரங்களில் பன்னிரண்டு பயிற்சி வகுப்புகளும் அதில் அடங்கும். பின்னர் அத்திட்டம் வேறு பல நாடுகளுக்கும் பரவிற்று. அதே நாட்டின் மற்றொரு குழுவினர் இத்திட்டத்தைச் சோதித்து 2021-இல் முடிவை வெளியிட்டனர். 206 பேரில் ஒரு பாதியினர் எட்டு வாரம் பயிற்சியும் பாடமும் பெற்றனர்; மறுபாதியினர் மூட்டில் உப்புநீர் ஊசி பெற்றனர். அது வெறும் உப்புநீர் என்பதும் அவர்களிடம் வெளிப்படையாகக் கூறப்பட்டது. முடிவில் இரு பாதியினருக்கும் வலி குறைந்தது. குறைந்த அளவில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடில்லை.

பயிற்சியின் அளவு பற்றியும் இதே நிலைதான். அமெரிக்காவில் 377 பேரைப் பதினெட்டு மாதம் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2021-இல் வெளியாயிற்று. கனத்த பளுவுடன் பயின்றோர், இலேசான பளுவுடன் பயின்றோர், உடல்நலப் பாடம் மட்டும் கேட்டோர் ஆகிய முத்திறத்தாரிடையே வலியில் கனத்த பளுவுக்குத் தனிச் சிறப்பு எதுவும் தோன்றவில்லை.

இனி, இதற்கு மாறான சான்றும் உண்டு. அமெரிக்கப் படைத்துறை மருத்துவமனைகளில் 156 பேரைக் கொண்டு நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டவரைவிட, கையால் மூட்டைப் பதப்படுத்தும் முறையும் பயிற்சியும் சேர்ந்த இயன்முறைச் சிகிச்சை பெற்றவர்கள் ஓராண்டு முடிவில் வலியிலும் இயக்கத்திலும் மேலான நிலையில் இருந்தனர். ஒருபுறம் உப்புநீருக்குச் சமம். மறுபுறம் ஊசிமருந்தைவிட மேல். இவ்விரண்டையும் பொருத்திக் காட்டும் ஆராய்ச்சியே இனி வேண்டப்படுவது. பயிற்சியை நிறுத்திய பின்னும் பயன் நிற்குமா என்பதற்கு நீண்டகாலக் கணக்குகளும் போதியன இல்லை.

யாருடைய முழங்கால்?

நம்மவர் கருதவேண்டிய மற்றோர் இடைவெளியும் உண்டு. வலியை அளக்கப் பெரிதும் பயன்படும் வோமாக் என்னும் வினாத்தாள் 1980-களில் கனடாவில் உருவாயிற்று. அதில் வலி பற்றி 5, விறைப்பு பற்றி 2, இயக்கம் பற்றி 17, ஆக 24 வினாக்கள் உள்ளன. காரில் ஏறி இறங்குதல், குளியல் தொட்டியில் இறங்குதல், காலுறை அணிதல் ஆகியவை கேட்கப்படுகின்றன. குந்தியமர்தல் கேட்கப்படவில்லை. 1998-இல் வெளிவந்த கூஸ் என்னும் வினாத்தாளில் குந்துதலும் மண்டியிடுதலும் உண்டு. ஆனால் ஓடுதல், குதித்தல் ஆகியவற்றோடு விளையாட்டு, பொழுதுபோக்கு என்னும் பிரிவில் அவை வைக்கப்பட்டுள்ளன. நாற்று நடுபவருக்குக் குனிதலும் குந்துதலும் பொழுதுபோக்கா? ஆசியாவில் சிலவிடங்களில் இவ்வினாக்களைத் திருத்தி அமைத்துள்ளனர். எனினும் மேலே தனித்தனியே கூறிய ஆய்வுகள் யாவும் நாற்காலியில் அமரும் நாடுகளில் நடந்தவையே.

வேலைக்கும் தேய்வுக்கும் உள்ள தொடர்பு மட்டும் ஓரளவு ஆராயப்பட்டுள்ளது. நாள்தோறும் அரைமணி நேரத்துக்கு மேல் குந்தியோ மண்டியிட்டோ செய்யும் தொழில்களில் முழங்கால் தேய்வு மிகுதி என்று பிரிட்டனில் 1994-இல் வெளியான ஆய்வு கண்டது. நெடுநேரம் குந்தியிருத்தலுக்கும் தேய்வுக்கும் தொடர்புண்டு என்று பெய்ஜிங் நகர முதியோரிடையே நடந்த ஆய்வு 2004-இல் காட்டிற்று. ஆனால் அத்தகைய தொழிலை விடமுடியாதவர் எப்பயிற்சியால், எத்தனை நாளில், மீண்டும் வேலைக்குத் திரும்பலாம் என்பதற்குப் போதிய ஆய்வு இல்லை.

நாம் செய்யத்தக்கது

மேற்கண்ட ஆய்வுகளில் பயிற்சி செய்தோரின் வலி பெரும்பாலும் குறைந்தே உள்ளது என்பதை மறத்தலாகாது. காரணம் ஐயத்துக்குரியதாயினும் பலன் கைக்கு வருகிறது. செலவு சிறிது, கேடும் சிறிது. நாற்காலியில் அமர்ந்து காலை நேராக நீட்டி மெல்ல இறக்குதல், கையூன்றாது எழுந்து அமர்தல், சமதரையில் நடத்தல் ஆகியவற்றை இயன்முறை மருத்துவரிடம் ஒருமுறை கற்றுக்கொண்டு இலேசாகத் தொடங்கலாம். பயிலும்போது தோன்றும் சிறுவலி மறுநாளைக்குள் தணிந்தால் தொடரலாம். தணியாவிடில் அளவைக் குறைக்கவேண்டும். வேலைக்கிடையே அடிக்கடி எழுந்து நிற்பதும், தாழ்ந்த பலகையிட்டு அமர்வதும் நலம். மூட்டு சிவந்து வீங்கினாலும், காய்ச்சல் கண்டாலும், கால் மடங்கியபடியே நின்றுவிட்டாலும் பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவரை நாடுக.

வலியை அடியோடு போக்கும் என்று விலை கூறப்படும் கருவியோ தைலமோ வாங்கக் கடன்படுமுன், எதனோடு ஒப்பிட்டு இதனைச் சோதித்தீர்கள் என்று ஒரு வினா கேளுங்கள். ஆராய்ச்சியாளர் எவரேனும் நம் ஊருக்கு வருவாராயின், அவர் வினாத்தாளில் குந்தியமர்தலும் தறிமிதித்தலும் உள்ளனவா என்றும் கேளுங்கள். இல்லையெனில் சேர்க்கச் சொல்லுங்கள். நம் உழைப்பை அளக்கும் கோலில் நம் வேலையும் இடம்பெற வேண்டுமன்றோ!