78-வது கோட்டில் ஓர் ஆயுதக் கப்பல்

2013 அக்டோபர் 12. பைலின் புயல் ஒடிசாக் கரையைத் தொட்ட அதே நாளில், தூத்துக்குடிக் கடலில் ஒரு கப்பலைக் கடலோரக் காவல்படை மடக்கியது. பெயர் சீமேன் கார்டு ஓகியோ. வ.உ.சி. துறைமுகத்துக்குக் கொண்டுவந்து சோதித்தால், உள்ளே 35 துப்பாக்கிகள், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டாக்கள். மாலுமிகளும் காவலர்களுமாக 35 பேர்: இந்தியர், உக்ரைனியர், பிரிட்டிஷார், எஸ்டோனியர்.

‘அமெரிக்கக் கப்பல்’ என்று பேச்சு பரவியது. உரிமையாளர் அமெரிக்க நிறுவனம்தான். கொடியோ மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனுடையது. கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரைதான் ஒரு நாட்டின் சட்டம் முழுமையாகச் செல்லும். அதையெல்லாம் தாண்டிய ஆழ்கடலில், கப்பல் எந்தக் கொடியைப் பறக்கவிடுகிறதோ அந்த நாட்டின் சட்டமே சட்டம். அந்த நாடு எட்டிக்கூடப் பார்க்காவிட்டால் கேட்பாரில்லை.

சோமாலியக் கொள்ளையருக்கு அஞ்சிய கப்பல் கம்பெனிகள் தனியார் துப்பாக்கிக் காவலர்களை அமர்த்தின. ஆயுதத்தோடு கரையிறங்கப் பல துறைமுகங்களில் அனுமதி இல்லை. அதனால் ஆளையும் ஆயுதத்தையும் நடுக்கடலிலேயே ஏற்றி இறக்க மிதக்கும் கிடங்குகள் முளைத்தன. ஓகியோ அப்படி ஒன்று.

இங்கே ஏன் வந்தது? கொள்ளையர் அபாயப் பகுதியின் எல்லையை, கப்பல் துறை அமைப்புகள் 2010-இல் கிழக்கே 78 டிகிரி தீர்க்கரேகை வரை நீட்டியிருந்தன. அந்தக் கோடு மணப்பாட்டுக்கு அருகே கடலில் இறங்குகிறது! ஒரே கோட்டில் கேரள, குமரி மீனவர்களின் கடல் முழுவதும் கொள்ளையர் கடலாகிப்போனது.

விலை கொடுத்தவர்கள் மீனவர்கள். 2012 பிப்ரவரி 15 அன்று, கேரளக் கரையிலிருந்து சுமார் 20 கடல் மைலில், என்ரிகா லெக்சி என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலின் கடற்படை வீரர்கள் ‘செயின்ட் ஆன்டனி’ படகைக் கொள்ளையர் படகென்று சுட்டார்கள். இறந்த இருவரில் ஒருவர் குமரி மாவட்டத்து இளைஞர். சுட்டவர்களை இந்தியா விசாரிக்க முடியாது என்று 2020-இல் சர்வதேசத் தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. 10 கோடி ரூபாய் இழப்பீட்டோடு 2021-இல் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்தது. இரண்டு உயிர் போனதற்கு இந்திய நீதிமன்றம் எதிலும் குற்ற விசாரணை முழுமையாக நடக்கவில்லை என்பதை எப்படி ஏற்பது?

ஓகியோ வழக்கு நேர்மாறு. புயலுக்கு ஒதுங்கினோம், எரிபொருள் தீர்ந்தது என்றார்கள் கப்பலில் இருந்தவர்கள். மீன்பிடிப் படகிலிருந்து சட்டவிரோதமாக டீசல் வாங்கியது தனிக் குற்றச்சாட்டு. ஆயுத வழக்கை 2014-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ரத்து செய்ய, மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் அதற்கு உயிர் கொடுத்தது. இதற்கிடையில், இந்தியாவின் வற்புறுத்தலுக்குப் பின், 2015 டிசம்பர் 1 முதல் அபாயக் கோடு 65 டிகிரிக்கு நகர்ந்தது. ஆறு வாரம் கழித்து, 2016 ஜனவரி 11-இல், தூத்துக்குடி நீதிமன்றம் 35 பேருக்கும் ஐந்தாண்டு சிறை விதித்தது.

2017 நவம்பர் 27-இல் மதுரைக் கிளை அனைவரையும் விடுவித்தது. புழல் சிறையிலிருந்த ஆறு பிரிட்டிஷாரும் ஊர் திரும்பியது அதன் பிறகுதான்.